ஆயுதத் தடையும் தற்காப்பு உரிமையும்

 

ஒரு ஜும்ஆவிற்குப் பின் பட்டுச் சேலை வியாபாரம் செய்யும் ஓர் இளைஞர் என்னைச் சந்தித்தார். சுற்றுக் கிராமங்களில் உள்ள தறிகளிலிருந்து சேலைகளை வாங்கிக்கொண்டு, இரவில் தனியே ஆரணிக்குத் திரும்புபவர் அவர். வண்டி இருக்கையின் அடியில் ஒரு நீண்ட கத்தி வைத்திருப்பதாகச் சொன்னார். "ஹஜ்ரத், பொருளைக் காக்கப் போராடி இறப்பவர் ஷஹீத் என்று ஹதீஸ் இருக்கிறதே! அரசாங்கம் தடுத்தால் நான் கேட்க வேண்டுமா?" என்றார். பலர் மனதிலும் உள்ள கேள்வி இது. எனவே விரிவாகவே பார்ப்போம்.

மார்க்கம் தந்த உரிமை

அந்த இளைஞர் சொன்ன ஹதீஸ் உண்மையானது. தன் பொருளுக்காகக் கொல்லப்படுபவர் ஷஹீத் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. உயிர், குடும்பம், மார்க்கம் ஆகியவற்றைக் காக்கும்போது கொல்லப்படுபவரும் ஷஹீதே என்று திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் காண்கிறோம். அநியாயக்காரனுக்குக் கழுத்தை நீட்டிக் கொடுக்கும்படி இஸ்லாம் சொல்லவில்லை.

ஆனால் இந்த உரிமைக்கு ஃபுகஹாக்கள் எல்லை வகுத்தார்கள். சப்தமிட்டால் ஓடிவிடுவான் எனில் அடிக்கக் கூடாது. கையால் தடுக்க முடியும் எனில் ஆயுதத்தை எடுக்கக் கூடாது. தாக்கியவன் கைவிட்டுத் திரும்பிச் சென்ற பின் அவனைக் கொன்றால், கொன்றவரே கொலைக்குப் பொறுப்பாளி என்கிறது ஹனஃபி ஃபிக்ஹ். அதாவது, அனுமதிக்கப்பட்டது ஆபத்தைத் தடுப்பது மட்டுமே. பழி தீர்ப்பது அன்று.

ஆயுதத்தைச் சுமப்பது வேறு

தற்காத்துக்கொள்வது ஒன்று, ஆயுதத்துடன் நடமாடுவது மற்றொன்று. பள்ளிவாசல் வழியாகவோ கடைவீதி வழியாகவோ அம்புகளுடன் செல்பவர், யாரையும் காயப்படுத்தாதிருக்க அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள் (புகாரி, முஸ்லிம்). விளையாட்டுக்கேனும் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதையும் தடுத்தார்கள்; ஷைத்தான் கையைத் தவறச் செய்துவிடலாம் என்று எச்சரித்தார்கள்.

இப்னு உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி கவனிக்கத் தக்கது. மினாவில் ஒரு ஈட்டி முனை அவர்களின் பாதத்தில் தைத்தது. நலம் விசாரிக்க வந்த ஆளுநர் ஹஜ்ஜாஜ், குத்தியவன் யாரெனத் தெரியவில்லையே என்றபோது, குத்தியவர் நீரே என்றார்கள். ஆயுதம் சுமக்கப்படாத நாளில் அதைச் சுமக்கச் செய்து, ஹரமுக்குள் கொண்டுவரவும் செய்தவர் ஹஜ்ஜாஜ் என்பதே காரணம் (புகாரி). கூட்டத்தில் ஆயுதத்தைப் புழங்க விட்டவரும் அதனால் விளையும் காயத்திற்குப் பொறுப்பாளி என்பது இதில் உள்ள பாடம்.

நம் நாட்டுச் சட்டம்

ஆயுதத் தடை எல்லாக் காலத்திலும் நேர்மையாக இருந்ததில்லை. பாளையக்காரர்களை ஒடுக்கிய ஆங்கிலேயர், 1801 டிசம்பரில் பிரகடனம் வெளியிட்டுத் தென்சீமை மக்களின் ஆயுதங்களைப் பறித்தனர். 1878-ன் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமம் கேட்டது, ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. அது பாரபட்சம். சுதந்திர இந்தியாவின் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் அத்தகைய இன பேதம் இல்லை. துப்பாக்கிக்கு உரிமம் தேவை. 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள வாள், கத்தி போன்றவையும், அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிகளில் உரிமத்திற்கு உட்பட்டவை. வீடு, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கென்றே செய்யப்பட்டவை இதில் சேரா.

2021 செப்டம்பரில், பழிக்குப் பழியாக நடந்த கொலைகளை அடுத்து, தமிழகக் காவல்துறை மாநிலம் முழுவதும் சோதனை நடத்தியது. 3,000-க்கும் மேற்பட்டோர் கைதாயினர். 1,000-க்கும் மேற்பட்ட ஆயுதங்கள் பிடிபட்டன. கத்தி, அரிவாள் வாங்குவோரின் விவரங்களைக் குறித்துக்கொள்ளும்படி பட்டறைக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் அறிவுறுத்தப்பட்டது. குர்பானிக்குக் கத்தி வாங்கும்போது பெயர், முகவரி கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். தயங்காமல் சொல்லுங்கள்.

அதே நேரத்தில் தற்காப்பு உரிமையைச் சட்டம் பறிக்கவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்த அந்த உரிமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. அதிகாரிகளின் பாதுகாப்பைப் பெற அவகாசம் இருந்தால் நாமே அடிக்க இறங்கக் கூடாது. இவையே அதன் எல்லைகள். நம் ஃபுகஹாக்கள் வகுத்த எல்லைக்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்!

அரசின் பொறுப்பு

மக்களிடம் ஆயுதம் வேண்டாம் என்று சொல்லும் அரசின் மீது, அவர்களைக் காக்கும் கடமை இரு மடங்காகிறது. அது ஓர் அமானிதம். அழைத்தபோது காவலர் வரவில்லை, புகாரை ஏற்கவில்லை என்றால், மேலதிகாரியிடமும் நீதிமன்றத்திலும் முறையிடுவது நம் உரிமை. அதை விட்டுவிட்டுக் கத்தியைத் தேடுவது, கேட்க வேண்டிய உரிமையைக் கேளாமல் விடுவதாகும்.

அந்த இளைஞரிடம் நான் சொன்னேன்: "தம்பி, ஷஹீத் எனும் சிறப்பு வழிமறிக்கப்பட்டவருக்குரியது. கோபத்தில் யாரோடோ உரசும் ஒரு நிமிடத்தில், அந்தக் கத்தி உங்களையே வழிமறிப்பவராக்கிவிடும். ஒரு சோதனையில் பிடிபட்டால் உங்கள் தாயும் மனைவியும் காவல் நிலைய வாசலில் நிற்க நேரும்." பகலிலேயே திரும்புங்கள், துணையோடு செல்லுங்கள், பணத்தை வங்கி வழியே அனுப்புங்கள் என்றும் கூறினேன். முன்னெச்சரிக்கையும் குர்ஆனின் கட்டளையே (4:71). மறுவாரம் அவர் வந்து, கத்தியை எடுத்துவிட்டதாகவும் தம்பியைத் துணைக்கு அழைத்துச் செல்வதாகவும் சொன்னார்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகளின் வண்டியையும் கைப்பேசியையும் ஒருமுறை பாருங்கள். கத்தியோடு படம் எடுத்துப் பரப்புவது வீரமன்று. வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும் விளையாட்டு. அல்லாஹ் நம் உயிரையும் பொருளையும் மானத்தையும் பாதுகாப்பானாக! நம் கரங்களால் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பானாக! ஆமீன்.