மரபணு கெடாமலே மௌனமாவது எப்படி? வாய்ப் புற்றுநோயில் கொல்கத்தா ஆய்வு கண்டது என்ன?

புற்றுநோய் என்றாலே 'மரபணுவில் கோளாறு' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால், ஓர் எழுத்துகூட மாறாமல் முழுசாக இருக்கும் மரபணுவும் வேலை செய்யாமல் போகலாம். அது எப்படி?

டிஎன்ஏவை ஒரு புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழை வந்தால், அது மரபணுப் பிறழ்வு. எழுத்தெல்லாம் சரியாக இருந்தும், இரண்டு பக்கங்கள் பசையால் ஒட்டிக்கொண்டால்? படிக்க முடியாது, அவ்வளவுதான். இதுதான் எபிஜெனிடிக் மாற்றம்.

எது அந்தப் பசை?

'மெத்தில்' என்ற சின்ன வேதித்தொகுதி. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் கொண்டது. மரபணுவை இயக்கும் சுவிட்ச் போன்ற பகுதியில் இது அடர்த்தியாக ஒட்டினால், டிஎன்ஏ இறுகச் சுருண்டுவிடும். மரபணுவைப் படிக்கும் புரதங்கள் நெருங்க முடியாது.

இயல்பான செல்களும் தேவையில்லாத மரபணுக்களை இப்படித்தான் மூடி வைக்கின்றன. ஆனால், செல் பெருக்கத்துக்கு பிரேக் போடும் பி16 போன்ற மரபணு மூடப்பட்டால் சிக்கல். செல் பிரியும்போது இந்தப் பூட்டும் சேர்ந்தே நகலாகிறது.

கொல்கத்தாவில் கண்டது என்ன?

கொல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசிய புற்றுநோய் நிறுவனத்தில் சின்மய் குமார் பாண்டாவின் குழு, வாய்ப் புற்றுநோயும் அடங்கிய தலை, கழுத்துப் புற்றுநோய்களை ஆராய்ந்தது. கட்டி வளராமல் தடுக்கும் ரோபோ1 போன்ற மரபணுக்கள் சில திசுக்களில் அறுந்துபோயிருந்தன. சிலவற்றில் மெத்திலால் மூடப்பட்டிருந்தன. புற்றுநோயாக மாறும் முன்பே, ஆரம்பநிலைத் திசுக்களிலும் இத்தகைய மாற்றங்கள் தெரிந்தன.

இது ஏன் முக்கியம்? குளோபோகான் 2022 மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1.4 லட்சம் பேருக்குப் புதிதாக உதடு, வாய்ப் புற்றுநோய் வருகிறது. பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். மெத்தில் அடையாளங்களை முன்கூட்டியே படிக்க முடிந்தால், ஆபத்தில் இருப்பவர்களைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம்.

பூட்டைத் திறக்க முடியுமா?

அறுந்த மரபணுவை மீட்பது கடினம், மூடியதைத் திறக்கலாம். மெத்தில் ஒட்டும் நொதியை முடக்கும் அசாசிட்டிடின் 2004-லும், டெசிட்டபின் 2006-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஆனால், இவை பயன்படுவது பெரும்பாலும் எலும்பு மஜ்ஜை, ரத்தப் புற்றுநோய்களில்தான். வாய்ப் புற்றுநோய் போன்ற திடக்கட்டிகளில் அதே பலன் கிடைக்கவில்லை. தவிர, குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் தேர்ந்தெடுத்துத் திறக்க இவற்றால் முடியாது.

எனவே, வாய்ப் புற்றுநோய்க்கு இன்றும் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோ ஆகியவையே முதன்மைச் சிகிச்சைகள். வாயில் வெள்ளை, சிவப்புத் திட்டோ ஆறாத புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், டாக்டரிடம் காட்டிவிடுங்கள். புகையிலை, பாக்குப் பழக்கம் இருந்தால், இன்றே நிறுத்துங்கள்.