டன்னுக்கு நூறு ரூபாய்

டீசல் விலை ஒரு ரூபாய் ஏறினால் செய்தி. லோடு வாடகை டன்னுக்கு நூறு ரூபாய் இறங்கினால் புரோக்கருக்கும் லாரிக்காரருக்கும் மட்டுமே தெரியும். இரண்டில் எது பெரிய அடி என்று நாமக்கல், சங்ககிரி பக்கம் ஒற்றை லாரி வைத்துத் தானே ஓட்டும் ஒருவரின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

எடுத்துக்கொண்டது 12 சக்கர லாரி. மொத்த எடை 35 டன், ஏற்றுவது 25 டன். சேலத்திலிருந்து மும்பைக்கு ஜவ்வரிசி, திரும்பும்போது வெங்காயமோ இரும்போ. போக வர 2,400 கி.மீ. கீழே உள்ளது நான் போட்ட மாதிரிக் கணக்கு. காப்பீடும் பெர்மிட்டும் மட்டும் அரசு நிர்ணயித்த தொகைகள்.

வரவு: போகும்போது டன்னுக்கு 3,400 வீதம் 85,000 ரூபாய், வரும்போது 2,400 வீதம் 60,000. மொத்தம் 1,45,000.

செலவு:
டீசல் 600 லிட்டர், 92 ரூபாய் வீதம் – 55,200
ஆட்புளூ 30 லிட்டர் – 1,800
டோல் – 16,500
மாற்று டிரைவர் பேட்டா, இருவர் சாப்பாடு – 18,000
டயர் தேய்மானம் – 7,920
கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எடை மேடை – 8,000

டயருக்கு 22,000 ரூபாய் வீதம் பன்னிரண்டும் 80,000 கி.மீ. ஓடும் என்று வைத்தேன். ரோடு மோசமானால் அதுவும் ஓடாது. மொத்தச் செலவு 1,07,420. ஒரு நடைக்கு மிச்சம் 37,580 ரூபாய்.

இனி டியூ. 36 லட்சம் கடன், ஐந்து வருடம், பத்தரை வட்டி என்றால் மாதம் சுமார் 77,400. இந்த எடைப் பிரிவுக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த மூன்றாம் நபர் காப்பீடு, வரி நீங்கலாக, 43,950. நேஷனல் பெர்மிட் ஆண்டுக்கு 16,500. இரண்டும் சேர்ந்து மாதம் 5,040. ஆக, லாரி ஓடினாலும் நின்றாலும் மாதம் 82,440 ரூபாய் எடுத்துவைக்க வேண்டும். ஆலை வாசலில் இறக்க ஆளில்லாமல் ஒரு நாள் நின்றால் 2,748 ரூபாய் போச்சு. வெயிட்டிங் சார்ஜ் கேட்டால் அடுத்த லோடு கிடைக்காது என்ற பயத்தில் பலர் கேட்பதே இல்லை.

மாதம் மூன்று நடை ஓடினால் கையில் 30,300. இரண்டே நடை என்றால் 7,280 ரூபாய் நஷ்டம். காலவரி, எஃப்.சி., ஆயில் சர்வீஸ், பட்டறைச் செலவு எதையும் நான் இன்னும் எழுதவில்லை.

வருமான வரிச் சட்டம் 1961-இன் 44ஏஇ பிரிவு ஒரு அனுமானம் வைத்திருந்தது. பத்து வாகனங்களுக்கு மேல் இல்லாதவருக்கு, 12 டன்னைத் தாண்டிய வாகனத்தின் மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம்; எல்லாச் செலவும் தேய்மானமும் போக. நம் லாரிக்கு அது 35,000. மூன்று நடை ஓடிய நல்ல மாதத்திலும் இந்த மனிதர் அதைத் தொடவில்லை.

இப்போது நூறு ரூபாய்க்கு வருவோம். டன்னுக்கு நூறு குறைந்தால் போக வர 5,000 போகும். மூன்று நடையில் 15,000, அதாவது மிச்சத்தில் பாதி. டீசல் ஒரு ரூபாய் ஏறினால் நடைக்கு 600தான். புரோக்கர் போனில் குறைக்கும் ஒரு நூறு, டீசல் எட்டு ரூபாய்க்கு மேல் ஏறியதற்குச் சமம்.

வாடகை இப்படி இறங்க ஒரு காரணம் 2018 ஜூலையில் வந்தது. மத்திய அரசு அனுமதி எடையை உயர்த்தியது. பத்துச் சக்கர லாரிக்கு 25 டன் 28.5 டன்னாயிற்று. புது லாரி ஒன்றுகூட வாங்காமலே நாட்டில் லாரிகளின் கொள்ளளவு பெருகிவிட்டது. சரக்கு அதே அளவில் பெருகவில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 67-வது பிரிவு, சரக்கு வாகனங்களுக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச வாடகையை நிர்ணயிக்க வழிசெய்ய மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆட்டோவுக்குக் கட்டணம் குறித்த தமிழக அரசு, லாரிக்கும் ஒரு அடிவாடகை குறிக்க வேண்டும். வருமான வரிச் சட்டம் அனுமானித்த அதே 35,000 ரூபாய் இரண்டு நடை ஓடும் மாதத்திலும் கிடைக்க வேண்டுமானால், இந்த லாரிக்குப் போக வரச் சராசரி வாடகை இன்றைய 2,900 போதாது. டன்னுக்கு 3,323 ரூபாய் வேண்டும்.