உப்பும் குளுக்கோஸும் மருந்தான வரலாறு

மருந்து என்றவுடன் மாத்திரையும் ஊசியுமே நம் நினைவுக்கு வருகின்றன. மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மருந்தியல் பயிலத் தொடங்கும் மாணவரோ மூன்று வினாக்களோடு தம் பாடத்தைத் தொடங்குகிறார். ஒரு பொருள் உடலில் எவ்விடத்தில் செயல்படுகிறது? எவ்வளவு கொடுக்க வேண்டும்? எவ்வழியே கொடுக்க வேண்டும்? இம்மூன்றுக்கும் சரியான விடை கிடைக்கும்போது, அடுக்களையில் இருக்கும் உப்புகூட உயிர்காக்கும் மருந்தாகிவிடும். இதனை விளங்கிக்கொள்ளக் கொல்கத்தாவின் மருத்துவ வரலாறு நமக்குப் பெரிதும் உதவுகிறது.

இந்திய மருந்தியலின் தந்தை எனப் போற்றப்படும் இராம்நாத் சோப்ரா, கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் 1921ஆம் ஆண்டு மருந்தியல் துறையின் முதல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அவர் தலைமையில் 1930-31இல் இயங்கிய மருந்து விசாரணைக் குழுவின் பரிந்துரைகளே 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்திற்கு வழிவகுத்தன. அதே நகரில் ஆண்டுதோறும் உயிர்களைப் பறித்துவந்த மற்றொரு நோய், மருந்தியலுக்குப் பெரும் சவாலாக நின்றது. அதுவே வாந்திபேதி எனப்படும் காலரா.

நோய் எங்கே தாக்குகிறது?

காலரா நோயாளியின் உடலிலிருந்து ஒரே நாளில் பல லிட்டர் நீர் வெளியேறிவிடுகிறது. நீரோடு உப்புகளும் போய்விடுவதால் குருதி ஓட்டம் தளர்ந்து, சில மணி நேரத்திலேயே உயிர் பிரியக்கூடும். இதற்கான காரணத்தை ஐயமற நிறுவியவர் கொல்கத்தாவின் சம்புநாத் தே. காலராக் கிருமிகளை வளர்த்த திரவத்திலிருந்து கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய பின்னும், எஞ்சிய திரவம் முயலின் குடலில் நீரைச் சுரக்கச் செய்வதை அவர் கண்டார். கிருமி வெளியிடும் நச்சுப்பொருளே நோய்க்குக் காரணம் என்று காட்டிய அவரது கட்டுரை 1959இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று.

இந்நச்சு சிறுகுடல் உயிரணுக்களில் குளோரைடு வெளியேறும் வாயில்களைத் திறந்துவிடுகிறது. குளோரைடைத் தொடர்ந்து சோடியமும் நீரும் குடலுக்குள் பாய்கின்றன. உப்பை வழக்கமாக உறிஞ்சும் வழிகளுள் முதன்மையான ஒன்றும் அடைபட்டுவிடுகிறது. எனவே, வெறும் நீரையோ உப்புநீரையோ அருந்தக் கொடுத்தால் அதில் பெரும்பகுதி மீண்டும் பேதியாகவே வெளியேறும். சிரை வழியாக உப்புக்கரைசல் ஏற்றுவது ஒன்றே வழி என மருத்துவர்கள் நெடுங்காலம் கருதியதற்கு இதுவே காரணம்.

திறந்திருக்கும் மற்றொரு வாயில்

ஆயினும் குடலின் ஒரு வாயிலை மட்டும் காலரா நச்சு தொடுவதில்லை. சிறுகுடல் உயிரணுக்களின் மேற்பரப்பில் ஒரு கடத்திப் புரதம் உள்ளது. அது ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை உள்ளே கொண்டுசெல்லும்போது இரண்டு சோடியம் அயனிகளையும் உடன் அழைத்துச் செல்கிறது. அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் உள்ளே செல்கிறது. சோடியமும் குளுக்கோஸும் இணைந்தே கடத்தப்படுகின்றன என்னும் கருத்தை இராபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்தார். ஆக, உப்பு தனித்துச் சென்றால் திரும்பிவிடுகிறது. குளுக்கோஸின் துணையோடு சென்றால் உடலில் சேர்கிறது.

கொல்கத்தாவைச் சேர்ந்த ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, காலரா நோயாளிகளுக்கு வாய்வழிக் கரைசல் கொடுத்துப் பயன்கண்டதை 1953இலேயே ‘லான்செட்’ இதழில் எழுதியிருந்தார். எனினும் இம்முறைக்கு அன்று பரவலான ஏற்பு கிடைக்கவில்லை. 1968இல் டாக்காவில் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் செய்த ஆய்வு, அளந்து கொடுக்கும் வாய்வழிக் கரைசல் சிரைவழித் திரவத்தின் தேவையைப் பெருமளவு குறைப்பதை உறுதிசெய்தது. அப்போதும், பயிற்சி பெற்றோர் இல்லாத இடத்தில் இது பயன்படுமா என்னும் ஐயம் நீடித்தது.

போன்காவ் அளித்த விடை

1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்கத்தில் தஞ்சம் புகுந்தனர். எல்லையோர நகரமான போன்காவில் காலரா பரவியது. மருத்துவமனையின் தரையெங்கும் நோயாளிகள் கிடந்தனர். சிரைவழித் திரவத்தின் இருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. அதனைச் செலுத்தப் பயிற்சி பெற்றவர்களும் மிகச் சிலரே.

அங்கே பணியாற்றச் சென்ற மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்னும் கணக்கில் கொல்கத்தாவில் பொட்டலங்கள் தயாராயின. போன்காவில் அவை பீப்பாய் நீரில் கரைக்கப்பட்டன. நோயாளிகளின் தாய்மாரும் உறவினரும் கரைசலைக் கிண்ணங்களில் ஏந்திவந்து புகட்டினர். கடுமையான நிலையில் இருந்தோருக்கு மட்டும் சிரைவழித் திரவம் ஒதுக்கப்பட்டது.

ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 3,700க்கும் மேற்பட்டோர் அங்கே சிகிச்சை பெற்றனர். சில முகாம்களில் 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு, அங்கே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. இவ்வனுபவம் 1973இல் ஆய்விதழில் வெளியானது. தாயும் கொடுக்கக்கூடிய மருந்து இது என்பதைப் போன்காவ் உலகிற்கு உணர்த்தியது. மகலனாபிஸ் 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் காலமானார். 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அளவே மருந்து

மருந்தியல் மாணவர் இங்கே கற்கும் அடுத்த பாடம் அளவு பற்றியது. கரைசலில் சர்க்கரை மிகுந்தால் அது குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். குறைந்தால் சோடியத்திற்குப் போதிய துணை இராது. உப்பு மிகுந்தாலோ குழந்தையின் குருதியில் சோடியம் அளவுமீறி உயரும். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2002இல் பழைய கலவையை மாற்றிச் செறிவு குறைந்த கலவையைப் பரிந்துரைத்தது. இன்று ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம் என மொத்தம் 20.5 கிராம் உள்ளது.

குளிர்பானங்களில் லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரை இருப்பதை இதனோடு ஒப்பிட்டால், பேதியின்போது அவை ஏன் கூடாது என்பது விளங்கும். இனிப்பூட்டிய பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்னும் பெயரோடு கடைகளில் விற்கப்பட்டு வந்ததையடுத்து, உணவுப் பொருள்களின் பெயரிலும் சிட்டையிலும் அச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாதென இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

நம் இல்லத்தில்

* பொட்டலத்தின் மீது உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்னும் குறிப்பு உள்ளதா எனப் பார்த்து வாங்குதல் வேண்டும்.
* பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரில் முழுவதையும் ஒரே முறையில் கரைக்க வேண்டும். காய்ச்சி ஆறவைத்த நீர் நலம். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் கரைப்பதும், சுவைக்காகச் சர்க்கரை சேர்ப்பதும் கூடா.
* சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகப் புகட்டலாம். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்த வேண்டியதில்லை.
* கரைத்த நீரை 24 மணி நேரத்திற்குமேல் வைத்திருத்தல் ஆகாது.
* குழந்தைகளுக்குத் துத்தநாக மருந்தும் உடன் தேவைப்படும். அதனை மருத்துவரின் அறிவுரைப்படி கொடுக்க வேண்டும்.
* கண்கள் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து துவளுதல், மலத்தில் குருதி, நில்லாத வாந்தி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இக்கரைசல் பேதியை உடனே நிறுத்துவதில்லை; பேதியால் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்கிறது. இவ்வேறுபாட்டை அறியாத குடும்பத்தினர், பேதி நிற்கவில்லை என்று கரைசலைப் பாதியில் கைவிடுகின்றனர். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. ஒரு மருந்து செய்வது என்ன, செய்யாதது என்ன என்பதை அறிந்து கொடுப்பதே மருந்தியலின் முதல் பாடம். அதை மாணவர்கள் மட்டுமன்றி நாமும் கற்றுக்கொண்டால், சில ரூபாய் விலையுள்ள பொட்டலம் ஓர் உயிரைக் காக்கும்.