குரங்கு அவிழ்த்த மூட்டை

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகிறவர்கள் சேந்தமங்கலத்தையும் காளப்பநாயக்கன்பட்டியையும் கடந்து சென்றால், சமவெளி முடிந்து மலை ஆரம்பமாகும் இடத்தில் காரவள்ளி என்ற சிற்றூர் வருகிறது. அங்கிருந்து மேலே ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 70. வளைவுக்கு வளைவு இலக்கமிட்ட பலகை வைத்திருக்கிறார்கள். பிரயாணிகள் தங்கள் கஷ்டத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கொண்டே போவதற்கு அது மிகவும் சௌகரியம். தலைசுற்றல் சுபாவம் உள்ளவர்கள் காரவள்ளியில் இறங்கி, ஒரு கோப்பைத் தேநீர் அருந்தி, எலுமிச்சம் பழத்தை முகர்ந்து, மனத்தைத் திடப்படுத்திக் கொண்ட பிறகே மேலே ஏறுவது வழக்கம். நம் குடும்பத்தில் அந்தச் சுபாவம் நம் ஒருவருக்கே உண்டு என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக் கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டு வருஷங்களுக்கு முன்பு கோடை விடுமுறையில் அப்படி இறங்கித் தேநீர் அருந்திக் கொண்டிருந்த சமயத்தில்தான் அந்த அவமானம் நேர்ந்தது. வண்டியின் ஜன்னல் திறந்திருந்தது. எங்கிருந்தோ வந்த குரங்கு ஒன்று நம் தின்பண்ட மூட்டையைத் தூக்கிக் கொண்டு போய், பாதையோரத்துக் கைப்பிடிச் சுவரில் சாவதானமாக அமர்ந்து, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கத் தொடங்கிற்று. சுங்கச் சாவடி அதிகாரி சோதனை போடுவது போல அத்தனை ஒழுங்கு. வறுவல் பொட்டலங்கள், பிளாஸ்டிக் போத்தல்களில் தண்ணீர், பாலிதீன் தாளில் சுற்றிய இட்லி, சட்னிக்கு ஒரு பை, சாம்பாருக்கு ஒரு பை, பிளாஸ்டிக் கரண்டிகள், அப்புறம் அந்தப் பைகளை எல்லாம் போட்டு வைத்த பெரிய பை. ஏழாம் வகுப்பில் படிக்கும் நம் குமாரத்தி உரக்க எண்ணிக் கொண்டே வந்து, "இருபத்து மூணு!" என்று முடித்தாள்.

குரங்கோ வறுவலுடன் பொட்டலத்தின் ஒரு மூலையையும் சேர்த்தே மென்று கொண்டிருந்தது.

தேநீர்க் கடைக்கார அம்மாள் இதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "ஏனுங்க, அது தின்னா அது வயித்துலதான கெடக்கும்? போன மாசம் எங்க ஆடு ஒண்ணு வவுறு ஊதிச் செத்துப் போச்சுங்க. அறுத்துப் பாத்தா உள்ள பூரா பையிங்க. சினையாட்டுங்க அது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

வண்டி கிளம்பி மூன்றாவது வளைவு வருவதற்குள் குமாரத்தி கேட்டாள்: "அப்பா, ஜூன் அஞ்சாம் தேதி பள்ளிக்கூடத்துல பிளாஸ்டிக் ஒழிப்பைப் பத்திப் பேசினது நீங்கதானே?"

நாம்தான். சுற்றுச்சூழல் தினத்தன்று வருஷந்தோறும் பேசுவது நாம்தான். அன்று எழுபது வளைவுகளிலும் நமக்கு வந்த தலைசுற்றலுக்கு மலைப்பாதை மட்டும் காரணமல்ல.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பதினான்கு வகைகளைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2019-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் விலக்கியது. இந்தியா முழுமைக்குமான தடை 2022 ஜூலை 1-ந் தேதி வந்தது. நடுவே, 2021 டிசம்பர் 23-ந் தேதி, 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப் பெற்றது. இந்த மஞ்சள் பைக்கு நேர்ந்த கதியை யாராவது சரித்திரமாக எழுதலாம். கல்யாண வீட்டில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுத்த அந்தப் பை, பிற்பாடு பட்டிக்காட்டான் அடையாளமாகி, மஞ்சள் பையுடன் பட்டணத்தில் இறங்கியவனைப் பார்த்து ஜனங்கள் நகைக்கும்படி ஆயிற்று. நம் வீட்டுப் பரண்மேல் உறவினர் கல்யாணங்களில் கிடைத்த பைகள் பதினேழு இருந்தன. இத்தனை வருஷமாக அவற்றைப் பாத்திரம் துடைக்கக்கூட யாரும் எடுக்கவில்லை.

மலையிலிருந்து திரும்பிய வாரத்தில் நாம் முதலில் செய்த காரியம் குப்பைக் கூடையை நிறுத்துப் பார்த்தது. ஏழு நாள் தொடர்ந்து நிறுத்தோம். எதிர்பாராத விஷயம் ஒன்று தெரிய வந்தது. கண்ணை உறுத்துவது பிளாஸ்டிக்காக இருந்தாலும், எடையில் பெரும் பங்கு சமையலறைக் கழிவுதான்: காய்த்தோல், தேயிலைச் சக்கை, யாவற்றுக்கும் மேலாக மீந்த சோறு. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் போட்ட கணக்கின்படி 2022-ம் வருஷத்தில் உலகத்தில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் அறுபது சதவிகிதம் கல்யாண மண்டபங்களிலோ ஹோட்டல்களிலோ அல்ல, வீடுகளிலேயே வீணாயிற்று. "சோற்றை வீணாக்கினால் லக்ஷ்மி போய்விடுவாள்" என்று சொல்லி வளர்த்த தாய்மார்களின் பிள்ளைகள் நாம். ஆனால் ஒரு வேளைக்கு எத்தனை ஆழாக்கு அரிசி வேண்டும் என்று இரவு படுக்கப் போகும்முன் கேட்டுக் கொள்ளும் வழக்கம் மட்டும் நம் வீட்டில் எப்படியோ விட்டுப் போயிருந்தது. அதை மறுபடியும் கொண்டு வந்தோம். யார் இரவில் வெளியே சாப்பிடுகிறார்கள், யாருக்குப் பசி இல்லை என்று மாலையிலேயே சொல்லிவிட வேண்டும். இதற்குக் காலணா செலவில்லை. கூடையின் கனம் முதல் மாதத்திலேயே குறைந்து போயிற்று.

மிச்சத்தை உரமாக்குவது என்று தீர்மானித்து மூன்று மண்பானைகள் வாங்கினோம். இங்கே ஒரு விபரீதம் நடந்தது. புத்தகத்தைப் பாதி படித்துவிட்டுக் காரியத்தில் இறங்குகிறவர்களுக்கு வழக்கமாக நடக்கிற விபரீதந்தான். காய்த்தோலையும் மீந்த குழம்பையும் பானையில் கொட்டி மூடி வைத்தோம். பத்தாம் நாள் எழுந்த துர்நாற்றத்தில் அண்டை வீட்டார் ஜன்னலைச் சாத்தினார்கள். நம் தாயார், "அந்தப் பானை இந்த வீட்டில் இருக்க வேண்டும், அல்லது நான் இருக்க வேண்டும்" என்று அறிக்கை விட்டார். குற்றம் பானையினுடையது அல்ல. ஈரக் கழிவு ஒரு பங்கு போட்டால் அதன்மேல் காய்ந்த சருகு ஒரு பங்கு போட வேண்டும். காற்றுப் புகப் பானையில் துளைகள் வேண்டும். குழம்பும் எண்ணெயும் ஆகவே ஆகா. காற்று இல்லாவிட்டால் கழிவு அழுகும். காற்று இருந்தால் மக்கும். அழுகுவதும் மக்குவதும் ஒன்றல்ல என்பது நாற்பது வயதுக்கு மேல், பட்டம் பெற்ற பிறகு, நமக்கு உதித்த ஞானம். சருகும், வேப்பிலையும், ஊறின புளித்த மோர் ஒரு குவளையும் சேர்த்த பின் வாடை நின்றது. இரண்டு மாதத்தில் கரிசல் மண் போன்ற உரம் கிடைத்தது. இப்போது தாயாரின் கறிவேப்பிலைச் செடிக்கு அந்த உரந்தான். அறிக்கை வாபஸ் வாங்கப்பட்டதா என்று கேட்க நமக்குத் தைரியம் வரவில்லை.

இது இப்படியிருக்க, நான்காம் மாதத்தில் வீட்டுக்குள்ளேயே ஒரு சத்தியாக்கிரகம் தோன்றியது. ஒரு நாள் மாலையில் நம் மனைவியார் அடுக்களைப் படியில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னதை அப்படியே தருகிறோம்: "பிளாஸ்டிக் பொட்டலம் வேண்டாம் என்றீர்கள். பருப்பு வாங்கத் தூக்கும் டப்பாவும் சுமந்து போகிறது நான். காகிதத் துடைப்பான் வேண்டாம் என்றீர்கள். துணியைத் துவைக்கிறது நான். சாமை நல்லது என்றீர்கள். கல் பொறுக்கிக் களைகிறது நான். நீங்கள் செய்கிற பங்கு என்ன? உபந்நியாசமா?"

பதில் சொல்ல முடியவில்லை. வீட்டைப் பசுமையாக்குவது பற்றிய புத்தகங்களிலும் பிரசங்கங்களிலும் 'குடும்பம் செய்ய வேண்டியது' என்று இருக்கிறதே தவிர, குடும்பத்தில் யார் செய்ய வேண்டியது என்று இருப்பதில்லை.

கொல்லிமலையிலேயே இதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. அந்த மலையின் பழைய உணவு சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு முதலிய சிறுதானியங்கள். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் மலைச்சரிவுகளில் மரவள்ளிக்கிழங்கு பரவிற்று. சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கைக் காசு கொடுத்து வாங்கின. சிறுதானியம் குறைந்து போனதற்குக் காசாசையே காரணம் என்று கீழே இருக்கும் நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இன்னொரு காரணம் உரலில் இருந்தது. சாமையின் உமி நெல்லைப் போல எளிதில் கழன்று வராது. ஒரு வேளைக் களிக்காக மலைப்பெண்கள் மணிக்கணக்கில் உலக்கை பிடிக்க வேண்டியிருந்தது. கடை அரிசி வந்ததும் அவர்கள் கை உலக்கையை விட்டது. உலக்கையோடு சாமையும் போயிற்று. 1990-களில் அங்கே வேலை தொடங்கிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதைக் கண்டு கொண்டார்கள். பழைய ரகங்களுக்கு ஊர் விதை வங்கிகள் ஏற்படுத்தியதோடு, உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் கிராமங்களில் வைத்தார்கள். பெண்கள் குழுக்களே அந்த இயந்திரங்களை நடத்தின. 2023-ம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது மேடைகளில் சத்துக்களைப் பற்றி நிறையப் பேசினார்கள். உலக்கையைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே.

தஞ்சையில் 1892-ல் பிறந்த ஜே. சி. குமரப்பாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. காந்தியடிகள் 1934-ல் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தைக் கட்டி வளர்த்தவர் அவர். நிலக்கரி, மண்ணெண்ணெய் முதலியவை தொட்டியில் தேங்கிய நீர், எடுக்க எடுக்கக் குறையும். மரம், மழை, மனித உழைப்பு முதலியவை ஓடும் ஆறு, அளவறிந்து மொண்டால் குறையாது என்ற கருத்தை, பருவநிலை மாறுதல் என்ற சொல்லையே யாரும் கேள்விப்படாத காலத்தில் அவர் எடுத்துச் சொன்னார். சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1945-ல் வெளியாயிற்று. தீட்டிய அரிசியை விடக் கைக்குத்தல் அரிசி மேல் என்பதும் அந்தச் சங்கத்தாரின் கொள்கை. அரிசி மேல்தான், சந்தேகமில்லை. குத்திய கை யாருடையது என்ற கேள்வியை மட்டும் நம் மனைவியார் குமரப்பாவிடமே கேட்டிருப்பார் என்று நமக்குத் தோன்றுகிறது. கதர் ஜிப்பா அணிந்த அந்தப் பெரியவர் கோபித்துக் கொள்ளாமல் உட்கார்ந்து யோசித்திருப்பார் என்றும் தோன்றுகிறது.

ஆகவே நம் வீட்டில் வேலைகளைப் பிரித்துக் கொண்டோம். பானையும் சருகும் நம் பொறுப்பு. கடைக்குத் துணிப்பையும் டப்பாவும் எடுத்துப் போவது பன்னிரண்டாம் வகுப்புக் குமாரன் பொறுப்பு. முதல் இரண்டு வாரம் தெருவில் சிநேகிதர்களைக் கண்டால் பையைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டான், பிறகு விட்டுவிட்டான். சாமை வாரம் மூன்று நாள் மட்டும். கல் நீக்கிச் சுத்தம் செய்ததை நாலு காசு கூடக் கொடுத்து வாங்குகிறோம். குமாரத்தியிடம் கணக்குப் புத்தகம்.

மின்சாரக் கணக்கையும் அவளே எழுதினாள். சாதாரண மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் சக்தி இழுக்கிறது. புது மாதிரி மோட்டார் வைத்தது 30 வாட்டுக்குள் அதே காற்றைத் தருகிறது. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் விசிறிக்கு 32 யூனிட் மிச்சம். பழுதான இரண்டு விசிறிகளை மட்டும் மாற்றினோம். ஓடுகிற விசிறியைப் பசுமை என்ற பெயரால் கழற்றிக் காயலான் கடைக்கு அனுப்புவது சிக்கனமல்ல என்பது நம் அபிப்பிராயம். குடிதண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டி ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடைக்கு அனுப்பி வந்தது. இப்போது அந்தக் குழாய் ஒரு வாளியில் விழுகிறது. தரை துடைப்பதும் பாத்திரத்துக்கு முதல் அலம்பலும் அந்த நீரில்தான். உப்பு மிகுதியாதலால் செடிக்கு ஊற்றுவதில்லை. ஒரு துளசி அதை நமக்குப் போதித்துவிட்டுச் செத்தது.

தோற்ற காரியங்களும் உண்டு. ஷாம்புச் சீட்டுக்குப் பதில் சீயக்காய் என்ற திட்டம் குமாரனின் கண்ணெரிச்சலில் முடிந்தது. பள்ளிக்குச் சைக்கிளில் போவது என்ற நம் பிரதிக்ஞை, லாரிகள் நிறைந்த சாலையில் ஒரு முறை சறுக்கி விழுந்ததோடு நின்றது. இப்போது சக ஆசிரியர் ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் ஒட்டிக் கொள்கிறோம்.

சென்ற தை மாதம் மறுபடியும் காரவள்ளியில் இறங்கினோம். அதே கடை, அதே அம்மாள். தூக்குப் போசியில் புளிசாதம், கூஜாவில் தண்ணீர், வாழையிலையில் கட்டிய இட்லி. மனைவியார் வீட்டிலிருந்து கொண்டு வந்த தம்ளர்களை நீட்டித் தேநீர் கேட்டார். அம்மாள் நம்மை அடையாளம் கண்டு கொண்டாரோ என்னவோ, கடைக்குப் பின்னால் கட்டியிருந்த இரண்டு குட்டிகளைக் குமாரத்திக்குக் காட்டினார். ஒரு குரங்கு வந்து, மஞ்சள் பையை நாலு புறமும் முகர்ந்து பார்த்தது. நாம் தடியை எடுப்பதற்குள் குமாரன் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்துத் தின்று, தோலைப் பாதையில் எறிந்துவிட்டுப் போயிற்று. தோலைக் குமாரத்தி எடுத்து, "நம்ம பானைக்கு" என்று பையில் போட்டுக் கொண்டாள்.

பிறகு வழக்கப்படி எண்ணத் தொடங்கினாள். இந்தத் தடவை இரண்டுதான் தேறின. ஒன்று தலைசுற்றல் மாத்திரை வைத்திருந்த அட்டை. மற்றொன்று பின்னாசனத்தின் அடியில் மடித்துச் செருகியிருந்த, காலியான பிஸ்கோத்துப் பொட்டலம்.

"இது யாரோடது?" என்றாள்.

நாம் மலையின் அழகைப் பார்த்துக் கொண்டிருந்தோம்.