புழுக்கை எண்ணிய இரவு

“நல்லா ஓடியாடிக்கிட்டு இருக்கிற வாயில்லா ஜீவனை எதுக்கும்மா அறுக்கணும்?”

பஞ்சுவுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்ய நாள் குறித்ததும் அம்மா கேட்ட கேள்வி இது. பஞ்சு, எங்கள் தெம்பனிஸ் வீவக வீட்டில் வளரும் ஒன்றரை வயது பெண் முயல். அதற்கு ஜோடி கிடையாது. குட்டி போடும் வாய்ப்பே இல்லாத முயலுக்குக் கருத்தடை எதற்கு என்று அம்மா கேட்டது எனக்கும் நியாயமாகவே பட்டது.

கால்நடை மருத்துவர் விளக்கினார். கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம். பஞ்சுவோ சினையாகாமலேயே சினையானதுபோல் தன் முடியைப் பிடுங்கிக் கூடு கட்டத் தொடங்கியிருந்தது. கை நீட்டினால் உறுமியது. முயல்களைப் பார்த்துப் பழகிய மருத்துவராகத் தேடி, சில நூறு வெள்ளி சேர்த்து, ஒரு வியாழக்கிழமை காலை கொண்டுபோய் விட்டேன்.

அறுவைக்கு முன் மனிதர்கள் பட்டினி இருப்பதுபோல் பஞ்சுவையும் வைக்க நினைத்திருந்தேன். நல்லவேளையாக, மருந்தகத்தில் முதல் நாளே தடுத்துவிட்டார்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் அந்த முன்னெச்சரிக்கை அதற்குத் தேவையில்லை. அதன் குடல் எந்நேரமும் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். உணவு உள்ளே போகாவிட்டால் குடல் மந்தமாகும், நின்றும் போகும். அறுவை நன்றாக முடிந்த முயல்கூட அதனால் இறந்துபோகலாம்.

அமைதி என்று நினைத்தேன்

மாலை ஐந்து மணிக்கு, இரண்டு இலை கடித்த பிறகே பஞ்சுவை என்னிடம் கொடுத்தார்கள். வயிற்றில் முடி மழித்த இடத்தில் சிறிய தையல். அது தாவி ஏறாதபடி கூண்டிலிருந்த மேல்தட்டை எடுத்துவிட்டு, தரையில் பழைய துண்டுகளை விரித்தேன். தூள் காயத்தில் ஒட்டும் என்பதால் கழிவுத்தட்டில் வெறும் தாள் போட்டேன். மயக்க மருந்துக்குப் பின் உடல் சூடு குறையும் என்றதால் காற்றாடியை வேறு பக்கம் திருப்பி வைத்தேன்.

பஞ்சு ஒரு மூலையில் போய் உட்கார்ந்தது. சத்தமே இல்லை. ‘தூங்குகிறது, பாவம்’ என்று மடிக்கணினியைத் திறந்து அலுவலக வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

இரவு பத்து மணிக்கு அம்மாதான் வந்து சொன்னார். “அது தூங்கலம்மா. பல்லை நறநறன்னு கடிச்சிக்கிட்டு இருக்கு. வச்ச புல்லு வச்சபடியே கிடக்கு.”

குனிந்து பார்த்தேன். முதுகைக் கூனி, கண்களைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. பலவீனத்தைக் காட்டினால் ஆபத்து என்பதால் வலியை மறைப்பது அதன் இயல்பு. இந்த அமைதியை நிம்மதி என்று நான் எண்ணியது தவறு.

மருந்தகத்தின் அவசர எண்ணை அழைத்தேன். மருத்துவர் மூன்று கேள்விகள் கேட்டார். சாப்பிட்டதா? புழுக்கை போட்டதா? வலி மருந்து முழுவதும் உள்ளே போனதா?

மூன்றாவது கேள்விக்கு என் குரல் இறங்கியது. சிரிஞ்சில் கொடுத்த மருந்தில் பெரும்பகுதி துண்டில் சிந்தியிருந்தது. மறுபடி கொடுத்தால் அதிகமாகிவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன். யாரிடமும் கேட்கவும் இல்லை.

“வலிக்கிற முயல் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் குடல் நிற்கும். குடல் நின்றால் வலி இன்னும் கூடும்,” என்றார் மருத்துவர். அவர் சொன்ன அளவை மட்டும் மீண்டும் கொடுத்தேன். காலை ஐந்து மணிக்குள் புழுக்கை வராவிட்டால் 24 மணி நேர மருந்தகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். தூக்கிச் செல்லும் கூடையை வாசலிலேயே எடுத்து வைத்தேன்.

ஒரு கட்டு கொத்தமல்லி

மருந்தகத்தில் தந்திருந்த உணவுத்தூளை நீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டினோம். சிரிஞ்சை நேராக வாய்க்குள் விடக்கூடாது. முன்பற்களுக்குப் பின்னால், பக்கவாட்டில் பல் இல்லாத இடைவெளி இருக்கிறது. அதன் வழியே சிறிது கொடுத்து, விழுங்கிய பிறகே அடுத்த வாய். அவசரப்பட்டால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும்.

பஞ்சுவைத் துண்டில் சுற்றி மடியில் பிடித்துக்கொண்டவர் அம்மா. “நான் அப்பவே சொன்னேன்” என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

மூன்றரை மணிக்கு அம்மா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, ரசத்துக்காகத் தேக்கா சந்தையில் வாங்கிய கொத்தமல்லியை எடுத்தார். ஒரு கொத்தைக் கழுவி, லேசாகக் கசக்கி, மூக்கருகே நீட்டினார். மூக்கு துடித்தது. ஓர் இலை உள்ளே போனது. பிறகு ஒரு தண்டு. சற்று நேரத்தில் உலர்புல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

நான்கு நாற்பதுக்குக் கைப்பேசி வெளிச்சத்தில் தட்டைப் பார்த்தேன். மூன்று புழுக்கைகள். வழக்கத்தைவிடச் சிறியவை. இரண்டு முறை எண்ணினேன். அம்மா அடுப்படிக்குப் போய் இருவருக்கும் தேநீர் போட்டார்.

அடுத்த பன்னிரண்டு நாள்

காலையும் மாலையும் தையலைப் பார்த்தேன். சிவப்பு, வீக்கம், கசிவு, விரிசல் எது இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். குளிப்பாட்டவில்லை, சோபாவில் தாவ விடவில்லை. கழுத்தில் கூம்பும் மாட்டவில்லை. முயல் தான் வெளியேற்றும் மென்மையான புழுக்கைகளை உடனே தின்று சத்தைப் பெறும். கூம்பு அதைத் தடுத்துவிடும். தையலைக் கடித்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

வீட்டில் மிச்சமிருக்கும் மருந்துகளை மட்டும் தொடாதீர்கள். நாம் சாதாரணமாக உட்கொள்ளும் அமோக்சிசிலின், வாய்வழி கொடுத்தால் முயலின் உயிரையே பறிக்கக்கூடும். முயல் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசர நிலை. சந்தேகம் வந்தவுடனேயே அழைத்துக் கேட்டுவிடுங்கள். கேட்க வெட்கப்பட்டதால் நான் ஐந்து மணி நேரத்தை வீணாக்கினேன்.

பன்னிரண்டாம் நாள் பரிசோதனையில் காயம் ஆறிவிட்டதாக மருத்துவர் சொன்னார். இப்போது அம்மா சந்தையில் கொத்தமல்லி இரண்டு கட்டு வாங்குகிறார். காலையில் எழுந்ததும் அவர் முதலில் போய்ப் பார்ப்பது பஞ்சுவின் தட்டைத்தான்.