வேரும் ஒரு கட்டுமானப் பொருள்

மலையில் சாலை போடுவது என்றால் சரிவின் மேல்பக்கத்தை வெட்டுவது, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டுவது, நடுவில் கிடைக்கும் தட்டையான இடத்தில் தார் போடுவது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மழைக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுத்துத் தன் சாய்வைத் தானே தேர்ந்துகொண்டிருந்த மண், ஒரே கோடைக்குள் ஏறக்குறையச் செங்குத்தாக நிற்க வேண்டியதாகிறது. அதன் மேல் இருந்த புல்லும் புதரும் போய்விடுகின்றன. அடுத்து வரும் மழை இரண்டு விதமாக வேலை செய்கிறது. மேலே விழும் துளிகள் மண் துகள்களைப் பெயர்த்து ஓடைகளாக அரிக்கின்றன. உள்ளே இறங்கும் நீரோ துகள்களின் இடுக்குகளில் நிறைந்து, அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகிறது. துகள்களுக்கு இடையிலான பிடிப்பு தளர்ந்ததும் சரிவின் மேல்தோல் அப்படியே வழுக்கிச் சாலையில் வந்து விழுகிறது. இதற்கு நமக்குத் தெரிந்த மருந்து தடுப்புச்சுவர். கருங்கல்லிலோ கான்கிரீட்டிலோ கட்டுகிறோம். அதுவும் சரிந்தால் இன்னும் தடிமனாகக் கட்டுகிறோம். சுவர் வேண்டாம் என்பதல்ல என் வாதம். சுவருக்கு ஒதுக்கும் அதே கணக்கோடும் அதே கண்டிப்போடும் செடியையும் ஒரு கட்டுமானப் பொருளாகப் பொறியாளர்கள் கையாள வேண்டும் என்பதுதான்.

செடி எப்படிக் கட்டுமானப் பொருளாகும்? மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. கான்கிரீட்டின் குறையும் இதுதான், அதனால்தான் அதற்குள் கம்பி வைக்கிறோம். மண்ணுக்குள் அந்தக் கம்பியின் வேலையைச் செய்வது வேர். 1990களில் மலேசியாவில் வெட்டிவேர்ப் புல்லை வைத்து நடந்த சோதனைகளில், அதன் வேர்களின் சராசரி இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 75 நியூட்டன் என்று தெரியவந்தது. சாதாரண எஃகின் வலிமையில் இது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. முக்கால் மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஒற்றை வேரை அறுக்க ஏறக்குறைய 3 கிலோ எடையைத் தொங்கவிட வேண்டும். ஒரு தூரில் இப்படி நூற்றுக்கணக்கான வேர்கள் இருக்கின்றன. நல்ல மண்ணில் இவை பக்கவாட்டில் அதிகம் பரவாமல் 3 மீட்டருக்கும் ஆழமாக நேராக இறங்குகின்றன. இது வேரின் பங்கு மட்டுமே. மண்ணுக்கு மேலே இலை துளியின் வேகத்தைக் குறைக்கிறது, அடர்ந்த தூர் ஓடிவரும் மண்ணைத் தடுத்து நிறுத்துகிறது, செடி உறிஞ்சி ஆவியாக்கும் நீர் மழை ஓய்ந்த நாட்களில் சரிவை உலரச் செய்கிறது. மண்ணில் புதைத்த எந்தக் கம்பியும் கடைசியாகச் சொன்ன வேலையைச் செய்வதில்லை.

இதை ஆய்வுக்கூடத்திலிருந்து சாலைக்குக் கொண்டுவந்ததில் நேபாளத்துக்குத் தனி இடம் உண்டு. கிழக்கு நேபாளத்தில் தரான் நகரையும் தன்குட்டாவையும் இணைக்கும் சுமார் 50 கிலோமீட்டர் மலைச்சாலை, பிரிட்டிஷ் உதவியுடன் 1980களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. இளமையான, நொறுங்கக்கூடிய இமயமலைப் பாறையும் பருவமழையும் சேர்ந்து சரிவுகளைப் பெயர்த்துக்கொண்டே இருக்க, அங்கே செடிகளைக் கொண்டு சரிவைக் காக்கும் முயற்சிகள் நடந்தன. அந்த அனுபவம் வளர்ந்து, 1990களின் இறுதியில் நேபாளச் சாலைத் துறையின் கையேடாகவே வெளிவந்தது. அவர்கள் பயன்படுத்திய செடிகளின் பட்டியல் தமிழ் வாசகர்களுக்கு வியப்பளிக்கும். கொம்பை வெட்டி நட்டாலே துளிர்க்கும் செடிகளில் அங்கே முக்கியமானவை சிமலி, அசுரோ என்ற இரண்டு. நம் நொச்சியும் ஆடாதொடையும்தான் அவை. ஆடுமாடுகள் அதிகம் கடிக்காதவை என்பதால் சாலையோரத்துக்கு இவை பொருத்தம். புற்களில் பெரிதும் நடப்பட்டது, நம் வீடுகளில் இருக்கும் பூந்துடைப்பத்தைத் தரும் புல். அதன் பூங்கதிரை அறுத்து விற்கலாம் என்பதால், அது உயிரோடு இருப்பதில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் ஒரு அக்கறை உண்டாகிறது.

நேபாள முறையில் என்னை மிகவும் கவர்வது செடியை விட, அதை எந்தத் திசையில் நடுவது என்பதில் அவர்கள் காட்டும் கவனம். சரிவின் குறுக்கே கிடைமட்ட வரிசையாகப் புல் நட்டால் ஓடும் நீர் நின்று நிதானிக்கும், மண் அரிப்பு குறையும், வறண்ட சரிவில் ஈரமும் தங்கும். ஆனால் களிமண் கலந்த, நீர் எளிதில் வடியாத சரிவில் இதே வரிசை ஆபத்தானது; தேங்கிய நீர் உள்ளே இறங்கி, மண்ணைக் கனக்கச் செய்து சரித்துவிடும். அங்கே வரிசையை மேலிருந்து கீழாக நட வேண்டும், நீர் விரைந்து வடிய வேண்டும். இரண்டுக்கும் நடுவான மண்ணுக்குச் சாய்வான வரிசை. அதாவது, அதே புல், அதே சரிவு. வரிசையின் திசையைத் தவறாக வைத்தால் காக்க வந்த புல்லே மண்சரிவுக்குக் காரணமாகலாம். ‘சும்மா நாலு செடி வைப்பது’ என்று இதை ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு செய்தியையாவது யோசித்துப் பார்க்க வேண்டும். மண்ணின் தன்மை, சாய்வின் கோணம், நீரின் போக்கு எல்லாவற்றையும் படித்தவர்தான் இதைச் செய்ய முடியும்.

மலையே பெயர்ந்து வரும்போது புல் என்ன செய்யும் என்று கேட்பது நியாயம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நடந்ததைப் போன்ற பெருஞ்சரிவை எந்தப் புல்லாலும் நிறுத்த முடியாது. தடுப்புச்சுவரும் அங்கே நின்றிருக்காது. வேரின் எல்லை வேர் போகும் ஆழம்தான். அதற்குக் கீழே வழுக்கும் தளம் இருந்தால் செடியும் மண்ணோடு சேர்ந்து இறங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் மலைச்சாலைகளை அடைப்பவற்றில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல. சரிவின் மேற்பரப்பில் ஒன்றிரண்டு மீட்டருக்குள் நிகழும் சிறு சரிவுகள் அவை. வேரின் ஆளுகை அங்கேதான். அதற்கும் ஆழமான இடத்தில் எஃகுக் கம்பிகளைச் சரிவுக்குள் துளையிட்டு இறக்கி, சிமெண்ட் கூழால் பிடிக்கவைக்கும் மண் ஆணி முறை இருக்கிறது. அதன் மேல் கம்பி வலை விரித்து, விதையும் உரமும் நாரும் பசையும் கலந்த கூழைப் பீய்ச்சிப் புல் வளர்க்கலாம். நீலகிரிச் சாலைகளில் தமிழக நெடுஞ்சாலைத் துறை அண்மை ஆண்டுகளில் இந்த இணைப்பு முறையைக் கையாண்டிருக்கிறது. 2009 நவம்பர் மழையில் 40க்கும் மேற்பட்டோரை மண்சரிவுகளுக்குப் பறிகொடுத்த மாவட்டம் அது என்பதால் இந்த முயற்சி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

செடி வளரக் காலம் பிடிக்கும், அதுவரை மழை காத்திருக்காது என்பதும் உண்மையே. இதற்காகத்தான் நட்ட கையோடு சரிவின் மேல் சணல் வலையோ தென்னை நார் வலையோ விரிக்கிறார்கள். லிக்னின் அதிகம் உள்ள தென்னை நார் மெதுவாகத்தான் மட்கும். வேர் பிடிக்கும்வரை அது மண்ணைக் காத்து, பிறகு தானும் மண்ணாகிவிடும். அடிவாரத்தில் கம்பிக் கூண்டுக்குள் கல் அடுக்கிய சிறு சுவர் இருந்தால் இன்னும் நல்லது. நீர் அதன் வழியே வடியும், நிலம் சற்று அசைந்தாலும் அது உடையாது. காலத்தைப் பற்றிப் பேசும்போது மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சுவர் கட்டி முடித்த நாளில்தான் அதன் வலிமை உச்சத்தில் இருக்கிறது. பிறகு நீர் வடியும் துளைகள் அடைபடுகின்றன, கம்பி துருப்பிடிக்கிறது. வேர் நட்ட நாளில் பலவீனமாக இருந்து ஆண்டுதோறும் வலுக்கிறது. முதல் சில ஆண்டுகளைச் சுவரும் வலையும் பார்த்துக்கொள்ள, அதன் பின் பாரத்தை வேர் ஏற்கும்படி திட்டமிடலாம்.

எனக்கே கவலை தரும் கேள்வி வேறு. எந்தச் செடி? வெட்டிவேர் உறைபனியையும் நிழலையும் விரும்பாது. ஊட்டியின் உயரத்தில் அதை நம்பிச் சரிவை ஒப்படைக்க முடியாது. விரைவாகப் பச்சை காட்ட வேண்டும் என்று அயல்நாட்டு விதைக் கலவையைப் பீய்ச்சினால், சாலையோரத்தில் தொடங்கி அது மலை முழுக்கப் பரவலாம். நீலகிரியின் புல்வெளிகளை வாட்டில் மரங்களும் கிக்குயூ புல்லும் விழுங்கிய கதை நம் கண்முன்னே இருக்கிறது. சரிவைக் காக்கும் பெயரில் அதை மறுபடி நடத்திவிடக் கூடாது. சோலைப் புல்வெளிகளில் இயல்பாக வளரும் புற்களை நாற்றங்காலில் வளர்த்துச் சரிவுக்குக் கொண்டுவருவதே சரியான வழி. அதற்குச் சாலைப் பணி தொடங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பே நாற்றங்கால் தயாராக வேண்டும். வெவ்வேறு உயரங்களுக்கு வெவ்வேறு நாற்றங்கால்கள் வேண்டும்.

செலவைப் பற்றிய பேச்சிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. நடும் செலவு சுவர் கட்டும் செலவை விடக் குறைவு என்பதால் ஆதரிப்பவர்களும், பராமரிப்பு முடிவில்லாத செலவு என்பதால் எதிர்ப்பவர்களும் பாதிக் கணக்கையே பார்க்கிறார்கள். செடிக்கு முதல் சில ஆண்டுகள் களையெடுப்பும் பட்டுப்போன இடத்தில் மறுநடவும் வேண்டும். மரமாக வளர்வதைக் கழிக்காவிட்டால் செங்குத்துச் சரிவில் அதன் எடையும் காற்றில் ஆடும் ஆட்டமும் மண்ணையே பெயர்க்கும். சாலையின் குறிப்பிட்ட தூரத்தைத் தினமும் கவனிக்கும் பணியாளர் நேபாளத்திலும் உண்டு, நம் நெடுஞ்சாலைத் துறையிலும் உண்டு. அவருக்கு எந்தச் செடியை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்று கற்பித்தால் பராமரிப்பின் பெரும்பகுதி முடிந்துவிடும். ஒப்பந்தத்தையும் மாற்ற வேண்டும். கான்கிரீட்டைக் கன மீட்டரில் அளந்து பணம் கொடுக்கிறோம். நட்ட நாற்றை எண்ணிப் பணம் கொடுத்தால் நாற்று மட்டுமே நடப்படும். இரண்டு மழைக்காலங்களுக்குப் பிறகு சரிவில் உயிரோடு நிற்பதை அளந்து பணம் கொடுத்தால் ஒப்பந்ததாரர் அதைக் காப்பாற்றுவார். நேபாளச் சாலைத் துறை செடி நடும் பணிகளுக்குத் தர விவரக்குறிப்புகளையும் செலவுக் கணக்கீட்டு நெறிகளையும் எழுதிவைத்திருக்கிறது. நம் மலைமாவட்டங்களுக்கான விலைப் பட்டியலிலும் தடுப்புச்சுவருக்கு அடுத்த வரியில் நொச்சிக் கொம்புக்கும் ஒரு வரி வேண்டும்.