ஒரு புள்ளி, இரண்டு வேலை!

ரோஜாச் செடிக்கும் புல்வெளிக்கும் நடுவே ஒரு குட்டி ரயில் ஓடினால் எப்படி இருக்கும்? ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் இருந்த லேமன் பொம்மைக் கம்பெனி, 1968இல் அப்படி ஒரு ரயிலை அறிமுகப்படுத்தியது. அதன் பெயர் எல்.ஜி.பி. மழை, வெயில் இரண்டையும் தாங்கும். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 45 மில்லிமீட்டர் அகலம். பெரிய ரயிலை 22.5 மடங்கு சுருக்கிச் செய்தது. எங்கே, 45ஐ 22.5ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் வருகிறதா? அதுதான் அந்தப் பெரிய ரயிலின் தண்டவாள இடைவெளி; அதை மீட்டர் கேஜ் என்பார்கள். நம் ஊட்டி மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான்!

தோட்டத்தில் ஓடுகிற ரயிலுக்குத் தூசி, மண், சருகு என்று தொல்லைகள் அதிகம். அதனால் அடிக்கடி கவனிக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

சக்கரத்திலிருந்துதான். அது தண்டவாளத்தைத் தொடுகிற இடம் கடுகைவிடச் சிறியது. அந்தப் புள்ளிக்கு இரண்டு வேலை. ஒன்று, தண்டவாளத்தில் வரும் மின்சாரத்தை மோட்டாருக்கு அனுப்புவது. இன்னொன்று, வழுக்காமல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்வது.

தண்டவாளம் பித்தளை. காற்றும் ஈரமும் பட்டால் அதன்மேல் ஆக்சைடு படலம் படியும். அந்தப் படலம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ரயில் விட்டுவிட்டு ஓடும், விளக்கு மினுக்கும். அப்போது தண்டவாளத்தின் மேற்பரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை மட்டும் எடுக்கவே கூடாது! மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது. உதிர்ந்த இரும்புத் துகள்களை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். மோட்டார் பழுதாகிவிடும்.

அடுத்தது எண்ணெய். சக்கரத்தின் அச்சு சுழலும் இடத்தில் உராய்வு குறைய வேண்டும். ஊசி முனையில் எடுத்த ஒரு சொட்டு போதும். உள்ளே இருக்கும் பல்சக்கரங்களுக்கு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸ். தாராளமாக ஊற்றினால் என்ன ஆகும்? வழிந்து தண்டவாளத்துக்கு வரும். அங்கே பிடிப்பும் போகும், தூசியும் ஒட்டும்.

இப்போது ஒரு புதிர். ரயில் மேடு ஏற வேண்டும். 100 செ.மீ. தூரத்துக்கு 4 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ எடையுள்ள பெட்டி ஒவ்வொன்றும், ஏறக்குறைய 40 கிராம் எடைக்குச் சமமான விசையோடு என்ஜினைப் பின்னால் இழுக்கும். ஐந்து பெட்டி என்றால் 200 கிராம்! பிடிப்பு போதவில்லை என்றால் என்ஜின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். பிடிப்பைக் கூட்ட ஒரு வழி, சக்கரத்தைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டுவது. ஆனால் ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாதே! எல்லாச் சக்கரத்துக்கும் மாட்டினால் மின்சாரம் எப்படி வரும்? அதனால் ஒன்றிரண்டு சக்கரங்களுக்கு மட்டும் ரப்பர்; மற்றவை மின்சாரம் எடுக்கும். என்ஜினுக்குள் எடை சேர்ப்பது இன்னொரு வழி. எடை கூடினால் பிடிப்பும் கூடும்.

பெட்டிகளையும் மேம்படுத்தலாம். பிளாஸ்டிக் சக்கரத்தை எடுத்துவிட்டு உலோகச் சக்கரம் போட்டால் எடை கீழே இறங்கும்; பெட்டி எளிதில் கவிழாது. அச்சில் பால் பேரிங் வைத்தால் இன்னும் லேசாக உருளும். மாட்டியபின் இரண்டு சக்கரங்களின் உட்பக்க இடைவெளியை அளந்து பாருங்கள். சுமார் 40 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்தாலும் கூடினாலும், பாதை பிரிகிற இடத்தில் பெட்டி தடம் புரளும்.

சிலர் என்ஜினுக்குள்ளேயே பேட்டரி வைத்து, ரேடியோ ரிமோட்டில் ஓட்டுகிறார்கள். அப்போது தண்டவாளத்தில் மின்சாரமே வேண்டாம். நம் புள்ளிக்கு ஒரு வேலை குறைந்துவிட்டது. இப்போது ரப்பர் வளையத்தை எத்தனை சக்கரத்துக்கு வேண்டுமானாலும் மாட்டலாமே!

செய்து பாருங்கள்: வழவழப்பான பலகை ஒன்றில் ஒரு நாணயத்தையும் ஓர் அழிரப்பரையும் பக்கம் பக்கமாக வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். எது முதலில் வழுக்குகிறது? பிறகு பலகையில் துளி எண்ணெய் தடவி, மறுபடியும் உயர்த்துங்கள். இரண்டு முறையும் எவ்வளவு உயரத்தில் வழுக்கியது என்று ஸ்கேலால் அளந்து எழுதிவையுங்கள். மேட்டில் உங்கள் ரயில் திணறினால் முதலில் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று அந்த எண்களே சொல்லும்.